பசு நின்ற இடம்

அப்பாவின் புதிய செயற்கைக் கால், செருப்போடு சேர்த்துச் செய்யப்பட்டது. செய்து கொடுத்தவர்கள் பட்டை வைத்த அந்தச் செருப்பின் குதிகால் உயரத்தை அளந்து, அதற்கேற்பப் பாதத்தைப் பொருத்தியிருந்தார்கள். செருப்பைக் கழற்றினால் உடம்பு பின்பக்கமாகச் சாயும். இது எங்கள் வீட்டுக்குத் தெரியும். செருப்புக்காலோடு நல்ல காரியம் நடக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அப்பா நடமாடினார்.

ஆத்தூர்ப் பக்கம் டிராக்டர் கவிழ்ந்ததில் அவருடைய இடதுகால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. அதன்பின் திண்டுக்கல் வீட்டில் அம்மா பல மாற்றங்கள் செய்தாள். வாசலில் கிடந்த சாக்கு மிதியடி போயிற்று. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் வந்தது. பழைய ரப்பர் செருப்பிலிருந்து குதிகால் துண்டை வெட்டி, காலுறைக்குள் வைத்துத் தைத்தாள். செருப்பைக் கழற்ற வேண்டிய வீடுகளுக்கு அப்பா அதை மாட்டிக்கொண்டு போவார். உயரம் சரியாக இருந்தது. ஈரம் பட்டால் மட்டும் துணி வழுக்கும். ஆகவே முன்னால் போய்த் தரையைப் பார்த்து வருவது என் வேலை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

அந்த வேலையை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டிய இடத்தில் ஒரு புண் அப்போதுதான் ஆறியிருந்தது. விழுந்து மறுபடி அடிபட்டால் முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா சித்தியிடம் அழுதுகொண்டே சொன்னாள். நான் தூங்குவதாக இருவரும் நினைத்தார்கள்.

சின்னாளபட்டியில் அத்தை புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். அப்பா அவளுக்கு ஒரே அண்ணன். பிறந்த வீட்டுச் சீர்த்தட்டை அவர்தான் சுமந்துபோய்ச் சாமி அறையில் வைக்க வேண்டும். கக்கத்துக் கட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மா கிளம்பும்வரை மன்றாடினாள்.

"கட்டையப் பிடிச்சா தட்ட எதுல பிடிக்கிறது? வாயிலயா?" என்றார் அப்பா.

"சித்தப்பா மகன் தூக்கிட்டு வரட்டும்ங்க. நீங்க பின்னால வாங்க."

"அண்ணங்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில அவன் எதுக்கு?"

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அப்பா நாற்காலி கேட்டு உட்கார்ந்து காலுறையை மாட்டிக்கொள்ள, நான் உள்ளே ஓடினேன். கூடம் முழுக்க மொசைக் தரை, முகம் பார்க்கலாம் போல மெருகேற்றியிருந்தார்கள். சற்றுமுன்தான் பசுவையும் கன்றையும் உள்ளே நடத்தி, பின்வாசல் வழியாக ஓட்டிப் போயிருந்தார்கள். பசு கூடத்தின் நடுவில், சாமி அறைக்குப் போகும் வழியில், தாராளமாக மூத்திரம் பெய்துவிட்டிருந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று சந்தோஷப்பட்டார்கள்.

நான் ஒரு துணியைத் தேடி எடுத்துவந்தேன். அத்தை என் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடைக்கக் கூடாதுத்தா. மகாலட்சுமி குடுத்துட்டுப் போயிருக்கா. அதுவாக் காயணும்."

"அப்பா வாராரு அத்தை."

"வரட்டும்த்தா, எங்கண்ணன் வராமயா?"

வெளியே மேளம் தொடங்கியது. வாழைப்பழச் சீப்பும் தேங்காயும் எலுமிச்சையும் புடவையும் அடுக்கிய தட்டை நெஞ்சோடு அணைத்து அப்பா நிலைப்படி தாண்டுவதைப் பார்த்தேன். தட்டுக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது. அவருக்குக் கீழே தரை தெரியாது. கத்தினால் எல்லோரும் அவர் காலைப் பார்ப்பார்கள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. புதுப் பட்டுப்பாவாடையோடு அந்த ஈரத்தின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏ பிள்ள, எந்திரி. என்ன கூத்து இது" என்றது ஒரு குரல்.

"பலூன் கேட்டுச்சு, வாங்கிக் குடுக்கல. அதான்" என்று இன்னொரு குரல் காரணமும் கண்டுபிடித்தது.

அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. பாவாடை நனைந்து தொடையில் ஒட்டியது. அப்பா நெருங்கி வந்து என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற பெண்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத் திரும்பினார். திரும்பும்போது தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை என் தலைமேல் வைத்து அழுத்தினார். கழுத்து உள்ளே போய்விடும்போல் இருந்தது. தட்டிலிருந்து ஒரு எலுமிச்சை உருண்டது. அத்தை குனிந்து எடுத்தாள். அவர் சாமி அறைக்குப் போய்த் தட்டை வைத்துவிட்டார்.

சபையில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று அப்பாவுக்குக் கோபம், அதனால்தான் அத்தனை அழுத்தம் என்று நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் பாவாடை நாற்றத்தைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள். அப்பா அவள் பக்கம் திரும்பாமல், "விடு, பிள்ள சரியான எடத்துலதான் ஒக்காந்திருந்துச்சு" என்றார். முன்சீட்டு ஆள் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார் என்று ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அந்தக் கூடத்தில் பிடித்துக்கொள்ள அவருக்கு வேறெதுவும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.