வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

கோபம் வந்தால் அஃப்சருன்னிசாவின் குரல் உயராது, இறங்கும். தியாகராய நகரின் அந்தப் பட்டுக் கடையில், மூன்றாம் மாடிக் கணினி அறைக்கு வந்துபோகும் எல்லோருக்கும் இது தெரியும். எம்.சி.ஏ. முடித்தவள், இராயப்பேட்டையிலிருந்து பேருந்தில் வந்து கடையின் இணையதளத்தைக் கவனிப்பவள்.

வெளிநாட்டுக் குடும்பங்கள் முகூர்த்தப் பட்டை வீடியோ அழைப்பில் பார்த்து எடுப்பதற்கு நேரம் பதிவு செய்யும் பக்கம் ஒன்று அதில் உண்டு. ராகு காலத்தில் எவரும் முகூர்த்தப் பட்டு எடுப்பதில்லை. ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம் பூட்டியிருக்க வேண்டும். ஆவணியின் முதல் வெள்ளியன்று அது பூட்டியிருக்கவில்லை. சிங்கப்பூர்க் குடும்பமொன்று பட்டை எடுத்து முடித்த பிறகுதான் மணப்பெண்ணின் அத்தை நாள்காட்டியைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி, ஊரிலிருந்து திரும்பிய முதலாளி அய்யாதுரை நேராக மாடி ஏறினார்.

"ஏம்மா, ராகு காலமெல்லாம் ஒங்களுக்குத் தெரியாத விஷயம். சுரேஷ்கிட்ட ஒப்படைச்சிட்டு, திங்கக்கெழமையிலேருந்து பில் கவுண்டர்ல ஒக்காரு."

அவருடைய அக்காள் மகன் சுரேஷ்குமார் தலையாட்டினான். 'ஒங்களுக்கு' என்ற சொல் அவளைச் சுட்டது. குரல் இறங்கியது.

"திங்கள் ஏழரை டு ஒம்போது. சனி ஒம்போது டு பத்தரை. இன்னிக்கு பத்தரை டு பன்னெண்டு. மிச்ச நாலு நாளும் சொல்லட்டுமா, அண்ணாச்சி?"

இணையதள நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவேட்டைத் திரையில் திறந்தாள். பிழையான வரி எழுதப்பட்டது ஜூன் இரண்டு, எழுதியவர் சுரேஷ்குமார். அவள் வேலைக்குச் சேர்ந்தது ஜூலை ஏழு. அதற்கு முன் ராகு கால நேரத்தை எவரும் கேட்காததாலும், ஆடி முழுவதும் முகூர்த்தப் பட்டு எடுக்க ஆள் இல்லாததாலும் பிழை வெளியே தெரியவில்லை.

"பத்தரையோட தொண்ணூறு நிமிஷம் கூட்டினா, நேரக் கணக்குப் போடற இந்தப் பழைய கோடு லைப்ரரி பத்தரையையே பன்னெண்டா மாத்திடுது. பன்னெண்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்னா, எதைப் பூட்டும்?"

"நகல் எடுத்துட்டு கூட்டணும், அவ்ளோதான் மாமா," என்றான் சுரேஷ்குமார். "இவ ரெண்டு கிலோபைட்ல இன்னாவோ டே.ஜே.எஸ்.னு புது லைப்ரரி புடிச்சிக்கினு வந்துகீறா."

"பதினேழு எடத்துல நகல் எடுக்க மறந்திருக்கீங்க சார். மறந்தாலும் தப்பாகாதது வேணும். இது கூட்டினா புது நேரத்தைத் தரும். பழைய நேரத்தைத் தொடாது. செவ்வாய்க்கிழமையே தயார். சைட்ல ஏத்த விடாதது நீங்க."

அய்யாதுரை மருமகனை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா, ஏத்து. பன்னெண்டுக்கு மேல. இப்ப ராகு காலம்லா."

"பதினொண்ணே கால் நேரத்துக்குத் துபாய்க்காரங்க ஒருத்தங்க பதிவு பண்ணிக்கிட்டிருக்காங்க. நான் காத்திருந்தா அவங்க மாட்டிக்குவாங்க. ராகு காலத்துல என் கை வேலை செஞ்சா பரவாயில்ல."

பதிலுக்குக் காத்திராமல் பொத்தானை அழுத்தினாள். பத்தரை முதல் பன்னிரண்டு வரையிலான கட்டங்கள் சாம்பல் நிறமாயின. துபாய்க் குடும்பம் பன்னிரண்டரைக்கு நகர்ந்தது.

அய்யாதுரை திரையின் ஓரத்திலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "பதிவேட்டுலயாவது பன்னெண்டே அஞ்சுன்னு போட்டுரும்மா," என்றார்.

"நடந்த நேரத்தை மாத்தறதில்ல, அண்ணாச்சி. பில் கவுண்டருக்கு வேற ஆளைப் பாருங்க."

அவள் எழுதினாள்: வெள்ளி, காலை 10.45. ஏற்றியவர், அஃப்சருன்னிசா.