பதினாறு நாள் உளுந்தங்களி

பச்சை முட்டையின் கவிச்சி நாக்கை விட்டுப் போகுமுன்னே, குடித்த அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து ஊற்றி நீட்டுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் விழுங்கவேண்டும், விழுங்கினபிறகு தண்ணீர் கேட்கக்கூடாது. வெளியே வைகாசி வெயில். தலைக்கு மேலே வெட்டிப் பின்னிய தென்னங்கீற்று வாடி வாடி ஒரு புளித்த வாசம் விட்டுக்கொண்டிருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளான பெண்ணை வீட்டுக்குள் சேர்க்காமல் தனியாக உட்காரவைக்கும் ஓலைக்குடிசைக்கு எங்கள் பக்கம் "குச்சு" என்று பேர். என் தாய்மாமன் கட்டிக்கொடுத்த குச்சுக்குள், வாசலுக்குக் குறுக்கே ஓர் உலக்கையைப் போட்டு, என்னைப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள்.

எதைத் தின்றால் உடம்புக்கு நல்லது என்று இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செல்போனில் ஒருவர் சோற்றை விடு என்கிறார், அடுத்தவர் எண்ணெயை விடு என்கிறார், இன்னொருவர் ராத்திரிச் சாப்பாட்டையே விடு என்கிறார். எழுபதைத் தாண்டியும் என் பல்லால் கடலை கடித்துத் தின்கிறவள் நான். நாலு பிள்ளை பெற்று, கல் சுமந்து, களை வெட்டி, யாரிடமும் கை நீட்டாமல் நின்றவள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் நான் சொல்லப்போவது, நான் சாப்பிடாமல் போன சாப்பாட்டைப் பற்றி.

எங்கள் ஊர் தீர்த்தமலைக்கு மூன்று மைல் தள்ளி. மழை சரியாகப் பெய்யாத வருசம் அது. காலையில் ராகிக்கூழ், மதியம் ராகிக்களி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசலோ காட்டில் பறித்த கீரையோ. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் காய்ச்சலுக்கும்தான். அதை யாரும் சத்தான சாப்பாடு என்று சொல்லவில்லை, இல்லாதவர் சாப்பாடு என்றுதான் சொன்னார்கள். அதைத் தின்றுவிட்டு நான் ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஓடியே இறங்குவேன். ஒல்லியாக இருப்பேன், ஆனால் ஒருநாள் தலைவலி என்று படுத்ததில்லை.

அப்போதுதான் ஐந்தாவது முடித்திருந்தேன். ஆறாவதுக்குத் தீர்த்தமலைக்கு நடக்கவேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் அதுவரை போனதில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் போகிறார்கள், அவர்களோடு போய்வரட்டும் என்று வாத்தியார் வந்து பேச, அப்பாவும் "பாக்கலாங்க" என்று அரைமனசாகத் தலையாட்டியிருந்தார். பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள் இருக்கும்போது நான் குச்சில் உட்கார்ந்தேன். புத்தகத்தைக் கையில் தொடக்கூடாது என்றார்கள். மனசுக்குள்ளேயே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

குச்சுக்குச் சாப்பாடு சீராக வரும். மாமன் வீட்டிலிருந்து உளுந்தும் கருப்பட்டியும் முட்டையும் நல்லெண்ணெயும் வந்தன. இடுப்பெலும்புக்கு உளுந்து, வயிற்றுக்கு எண்ணெய், ரத்தத்துக்குக் கருப்பட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுவார்கள். உளுந்து நல்லதுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எழுந்து நடக்க இடமில்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சின்னப் பெண்ணுக்கு, மூன்று வேளையும் எண்ணெய் மிதக்கிற களியைத் திணித்தால் அது எங்கே போய் இறங்கும்? ஒரு வேளை தின்றது செரித்துப் பசிக்கட்டும், அதுவரை அடுத்த வேளையைத் தள்ளிவை என்று இன்று நான் எல்லாருக்கும் சொல்கிறேன். அன்று எனக்காகச் சொல்ல ஆளில்லை. சீர்ச் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் கொடுத்தவர்களை அவமதித்ததாகிவிடும்.

மூன்றாம் நாள் ஏரியூர் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, அவள் மகன்தான் எனக்கு முறை. கீற்றை விலக்கி உள்ளே கையை விட்டு, சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல என் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

"ஏன்டி மாதம்மா, என்னா இது, முருங்கக்காயாட்டம் கை? உங்கொம்மா உனக்குக் காத்த ஊட்டுறாளா?" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "நல்லா போட்டு ஏத்து புள்ளே. பதினாறாம் நாளு தண்ணி ஊத்தறப்ப வரேன். ஒடம்பு தேறியிருந்தா ஆவணியிலியே முடிச்சிப்புடலாம்" என்றாள்.

"சரிங்கண்ணி" என்றாள் அம்மா.

கீற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தபடி நான் கணக்குப் போட்டேன். உடம்பு ஏறினால் கல்யாணம், ஏறாவிட்டால் ஆறாவது. அவ்வளவு எளிதாகத்தான் எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே பாய்க்கு அடியில் கையளவு குழி தோண்டினேன். கீழே மணல் கலந்த மண், விரலாலேயே தோண்டலாம். அம்மா தட்டை வைத்துவிட்டுப் போனதும் களியை உருட்டிக் குழியில் போட்டு மூடினேன். முட்டையையும் அங்கேயே ஊற்றினேன், எண்ணெயையும். ஒரு குழி நிறைந்ததும் அடுத்தது. மதியம் மட்டும் அம்மா எதிரிலேயே உட்கார்ந்துகொள்வாள். அப்போது நாலு வாய் தின்பேன். அவ்வளவுதான் என் சாப்பாடு. முதல் இரண்டு நாள் வயிறு கத்தியது, பிறகு அதுவும் கத்தவில்லை.

கருப்பட்டியை மண்ணில் புதைத்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. எறும்பு வந்தது. முதலில் ஒரு கோடு, மறுநாள் கூட்டம். பாயைத் தாண்டித் தொடையில் ஏறிக் கடிக்கும். கத்தினால் பாயைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள், எழுந்து வெளியே ஓடினால் தீட்டு. உலக்கைக்கு அந்தப் பக்கம் ஊர் நடமாடிக்கொண்டிருக்க, நான் பல்லைக் கடித்தபடி ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கிக்கொண்டிருப்பேன். சிவந்து தடித்த என் காலைப் பார்த்த ஒரு பெண், "இவளுக்கு வெல்லப்பாகு ரத்தம்டி, கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவன்" என்று சொல்ல, வாசலில் ஒரே சிரிப்பு. நானும் சிரிக்கவேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் காலையில் என்னை வெளியே கொண்டுவந்து மணையில் உட்காரவைத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஒரு குடம் தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது, மூன்றாவது குடத்துக்கு நான் மணையிலிருந்து சரிந்து கிடந்தேன்.

கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை சொன்னாள்: "பதினாறு நாளு போட்டதெல்லாம் எங்கடி போச்சி? இத இட்டுக்கினு போயி நான் என்னா பண்றது, தம்பி? ஆடு ஓட்டக்கூட ஆவாது. ரெண்டு வருசம் போவட்டும்."

என் மனசு ஒரு குதி குதித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மூச்சில் அப்பாவின் குரல் வந்தது: "ஆமாக்கா. இது ஒடம்புக்குப் பள்ளிக்கோடம் வேற. வழியில எங்கனா வுழுந்து கெடந்தா யாரு தூக்கியாறது? வூட்டோட கெடக்கட்டும்."

வாத்தியார் நாலு நாள் கழித்து வந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு என் கையைத் தூக்கிக் காட்டினார். "நீங்களே பாருங்க சார், இது மூணு மைலு நடக்குமுங்களா?" என்றார். நடக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் சீக்காளி இல்லை, சாப்பாட்டைப் புதைத்தேன், நாலு நாள் களி தின்றால் எழுந்து ஓடுவேன் என்று சொல்லவேண்டும். சொன்னால் மாமன் வீட்டுச் சீரை மண்ணில் போட்டது ஊருக்குத் தெரியும். பழி அம்மா தலையில் விழும். வாயை மூடிக்கொண்டேன். வாத்தியார் எழுந்து போனார். ஆறாவது அவரோடு போயிற்று. இரண்டு வருசம் கழித்து அதே அத்தை மகனுக்கே என்னைக் கட்டினார்கள். நல்ல மனுசன், அது வேறு கதை.

ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துபோயிருந்தது. தண்ணீர் ஊற்றிய அன்று மத்தியானமே, குச்சைக் கொளுத்துவதற்காகப் பிரித்தபோது பாயைச் சுருட்டியது அவள்தான். மண் பொங்கி, பூஞ்சை பிடித்து, எறும்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் யாரும் வருமுன் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். என் பக்கம் பார்க்காமல், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த முட்டைய நானாவது தின்னுருப்பனேடி" என்றாள்.

அந்தப் பதினாறு நாளும் அம்மா எதைத் தின்றாள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து நாலு வாய் நான் விழுங்குவதைப் பார்த்தவள், எழுந்து போய்ப் பானையில் கூழ் இருந்தால் குடித்திருப்பாள், இல்லாவிட்டால் தண்ணீர்.

ஆகையால் சத்துணவு பற்றி என்னைக் கேட்கிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்கிறேன்: அடுப்படியில் நிற்கிறவள் சாப்பிட்டாளா என்று பாருங்கள். அவளுக்கும் ஒரு முட்டை வேகட்டும். முட்டையை வேகவைத்தே தின்னுங்கள், பச்சையாக வேண்டாம். தினமும் ஒரு கீரை, ஒரு பயறு. ராகி நல்லதென்று ஒரு பெரிய உருண்டையை உள்ளே தள்ளாதீர்கள். எனக்கிருப்பதுபோலச் சர்க்கரை வியாதி இருந்தால் களியும் அளவோடுதான், கூடவே கொள்ளும் காயும் வேண்டும். யாரிடம் கோபமானாலும் சோற்றிடம் காட்டாதீர்கள். பட்டினியாகக் கிடந்து ஜெயிக்கப் பார்த்து, இருந்ததையும் விட்டவள் சொல்கிறேன்.

இப்போது தர்மபுரி டவுனில் மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டாம் மாடி, முட்டிவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிரக் கீழே இறங்குவதில்லை. எங்கள் ஊரில் இன்று குச்சு கட்டுவதில்லை, மண்டபத்தில் போட்டோவோடு சீர் நடக்கிறது, நாலாம் நாள் பெண் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். அது ஒழிந்ததே நல்லது. அப்பா, அம்மா, அத்தை, வாத்தியார், என்னைக் கட்டியவர் யாரும் இல்லை. நான் களி உருண்டையைத் தின்றுவிட்டு ஓடியே இறங்கிய மேட்டையும் வீட்டுமனை போட்டுச் சமன் செய்துவிட்டார்கள்.

மருமகள் கோமதி நல்ல பெண், வேலைக்குப் போகிறவள். காலையில் எனக்குச் சத்துமாவுக் கஞ்சி கலக்கி மூடிவைத்துவிட்டுப் போவாள். பொட்டலத்தின் முன்பக்கம் ராகிக்கதிரும் கம்புக்கதிரும் படம் போட்டு, தமிழில் கொட்டை எழுத்தில் பேர் இருக்கும். அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பின்பக்கம் எறும்புபோல இங்கிலீசு. ஒரு மாசம் குடித்தேன். சர்க்கரை இறங்கவேண்டியதற்கு ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கோமதி என்னைத்தான் சந்தேகப்பட்டாள், திருட்டுத்தனமாக ஏதாவது தின்கிறேனோ என்று. மறுநாள் டம்ளரைத் தூக்கிக்கொண்டு கழுவும் தொட்டிவரை போய்விட்டேன், ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று. ஊற்றவில்லை. மூடியே வைத்தேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் பொட்டலத்தை நீட்டினேன்.

"இதுக்குள்ள என்னா இருக்குதுன்னு படிச்சிச் சொல்லும்மா. அப்புறந்தான் குடிப்பேன்."

"எல்லாம் தானியந்தாங்கத்தை. கடக்காரரே சொன்னாரு."

"கடக்காரரு சொன்னது இருக்கட்டும். நீ படி. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சிருந்தா உன்னக் கேக்கமாட்டேன்."

அவள் பையைக்கூட இறக்கிவைக்காமல், ஜன்னல் பக்கம் போய்ப் பொட்டலத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்களாம், அவள்தான் சொன்னாள். "கோதுமை" என்றாள். அடுத்ததற்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சர்க்கரைங்கத்தை" என்றாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றேன். "கடைசி வரைக்கும் படி."