ஜன்னலில் பிடித்த ஸ்கேன் படம்

மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக் குழாய்களில் ஒன்று எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பார்வை உடனே என் கழுத்துக்குப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது, வீணாகத் தேட வேண்டாம்.

கண்டுபிடித்தது நாலாம் வகுப்பில். லெப்பைக்குடிக்காட்டில் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் இரண்டு முறை மயங்கி விழுந்தேன். பெரம்பலூர் டாக்டர் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே கையில் ஊசி வழியாக மருந்தை ஏற்றி, வட்டமான மிஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். உடம்பெல்லாம் குப்பென்று சுட்டது. இடதுபக்கக் குழாய் கருவிலேயே உருவாகவில்லை, மற்ற குழாய்கள் பெரிதாகி அதன் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன, மயக்கத்துக்குக் காரணம் காலையில் சாப்பிடாததுதான் என்றார் டாக்டரம்மா. அம்மா காதில் 'உருவாகவில்லை' மட்டும்தான் விழுந்தது.

அத்தா, அதாவது என் அப்பா, அப்போது துபாயில் இருந்தார். எங்கள் தெருவில் பாதி வீட்டு அத்தாக்கள் வளைகுடாவில்தான். மார்க் அட்டை முதல் கரண்ட் பில் வரை போட்டோ எடுத்து அனுப்பி, அவர்களைக் கேட்டுத்தான் எதுவும் நடக்கும். அன்று என் கழுத்தும் போனது. நான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்க, அம்மா செல்போனில் எடுத்தார்.

"ஆடாம புடிடி, அத்தா பார்க்கணும்ல."

ஆடாமல்தான் பிடித்தேன். முன்பக்கமா பின்பக்கமா என்று பார்க்கவில்லை. ஓரத்து எழுத்துகளை என் கட்டைவிரல்கள் மறைத்திருந்தன.

அத்தா அதைக் கம்பெனி கிளினிக்கில் இருந்த நர்ஸ் ஒருவரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, வலதுபக்கக் குழாய் இல்லை என்றார். திருச்சியில் இடது இல்லை, துபாயில் வலது இல்லை. ஆக இரண்டுமே இல்லை, நம்மைப் பயமுறுத்தக் கூடாதென்று ஆளுக்கொன்றை மறைக்கிறார்கள் என்று என் பெற்றோர் முடிவு கட்டிவிட்டார்கள்.

"யா அல்லாஹ், எம்புள்ள எதுலதான் உசுரோட இருக்கு!" என்று அம்மா போனிலேயே அழுதார்.

முகத்துக்குப் போகும் குழாய் எனக்கு இரண்டு பக்கமும் உண்டு. நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டு பக்கமும் துடிக்குதும்மா" என்றேன். யார் கேட்டார்கள்?

நாலாம் நாள் அத்தா வந்து இறங்கிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மூவரும் திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மா அத்தாவின் போனைப் பார்த்தார், விளக்குப் பெட்டியில் மாட்டிய படத்தைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"யாருங்க இதைப் புடிச்சது? பின்பக்கமா திருப்பிப் புடிச்சிருக்கீங்க, அதான் இடது வலதா தெரிஞ்சிருக்கு. வலதுபக்கம் நல்லாதான் இருக்கு. பாப்பா ஓடட்டும், ஆடட்டும். வருஷத்துக்கு ஒருதரம் வந்து காட்டிட்டுப் போங்க."

அடி விழும் என்று அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அத்தா என்னை இழுத்துத் தூக்கிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பும் வழியில் பெரம்பலூரில் இறங்கி பரோட்டா வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு அத்தா துபாய் போகவே இல்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். பின்பு பெரம்பலூரில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனார். என் சாமர்த்தியத்தால்தான் அத்தா வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். லீவு கேட்டுக் கிடைக்காமல், வேலையை உதறிவிட்டு அவர் விமானம் ஏறியதும், கம்பெனி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளாததும் நான் காலேஜ் போன பிறகுதான் தெரிந்தது. அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தா இன்றுவரை சொன்னதில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அவள் அத்தா துபாயிலிருந்து பேசும் பொம்மை அனுப்பியிருக்கிறார் என்பதுதான். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அவரைப் பிடித்துக்கொள்வேன்.

"நீங்க எப்ப அத்தா துபாய் போவீங்க?"

"போவோம்மா, போவோம்" என்பார்.

பாவி நான், அதைத் தினமும் கேட்டேன்.