இருக்கிறம்

யோகமலரைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். உத்திரமேரூர் ஏரிப் பாசன வயல்களில் என்னோடு களை எடுப்பவள். சிறு பெண்ணாக மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். இன்றைக்கும் அகதி முகாமில்தான் இருக்கிறாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பக்கத்து அறையில் யாராவது இருமினால் இங்கே எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

முகாமில் மாதந்தோறும் செக்கிங் உண்டு. அதிகாரி பெயர் கூப்பிட்டால் எதிரே நின்று "இருக்கிறம்" என்று சொல்ல வேண்டும்; நம்ம பேச்சில் 'இருக்கிறோம்'. ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்களோ என்று பயம். செக்கிங் நெருங்கினால் யோகமலருக்குத் தூக்கம் போய்விடும், கை நடுங்கும். "அந்தரமாக் கிடக்கு அக்கா" என்பாள். வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்குவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவர்கள் பேச்சில் அது மனப் பதற்றமாம். நான் நினைத்ததைச் சொன்னதும், அதுவும் சரிதான் என்று சிரித்தாள்.

அந்த அறையிலேயே படித்து அவள் மகள் தர்சிகா பி.எஸ்சி. முடித்தாள். செங்கல்பட்டில் பட்டமளிப்பு விழா. அது செக்கிங் நாளிலேயே வந்து தொலைத்தது. அனுமதி கேட்டதற்கு அதிகாரி சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. போகப் போவதில்லை என்று யோகமலர் முடிவு கட்டிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ மேடை ஏறுற அன்னிக்கு நீ அங்க இல்லன்னா, இன்னாத்துக்கும்மா அவ ராவும் பகலுமா படிச்சிக்கினு கெடந்தா?" என்று வரப்பிலேயே நின்று கேட்டேன். அவள் குனிந்து களையைப் பிடுங்கினாள்.

விழா அன்று காலை, நானாவது போவோம் என்று கிளம்பினேன். தேய்த்த புடவையோடு பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே யோகமலர் வந்து நின்றிருந்தாள்.

மேடையில் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்திலிருந்த யோகமலர் விறைப்பாக எழுந்து நின்று, "இருக்கிறம் ஐயா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். மண்டபமே சிரித்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். தர்சிகா சிரிக்கவில்லை. பட்டத்தை வாங்கி எங்கள் பக்கமாக உயர்த்திப் பிடித்து, அவளும் "இருக்கிறம்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் திரும்பியபோது அதிகாரி இன்னும் முகாமில்தான் இருந்தார். காலையில் பெயர் கூப்பிட்டபோது எங்கே போயிருந்தாய் என்று அதட்டினார்.

"என்ர மகள் பட்டம் வாங்கின இடத்தில இருந்தனான் ஐயா" என்றாள்.

அடுத்த முறை இப்படிச் செய்தால் பதிவு போய்விடும் என்று எச்சரித்துவிட்டு, பெயரை வெட்டாமல் போனார். நான் அவரைப் பார்க்கவில்லை. யோகமலரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கவில்லை.