வெட்டுக்காரை விற்கப்போன நாள்

கோயம்புத்தூர்க்காரர் வியாழக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கரிசக்காட்டில் ஐப்பசி மழைக்கு யாரும் வருத்தப்பட மாட்டார்கள். நான் ஒருத்திதான் வாசலில் நின்று, விட்டுரு, விட்டுரு என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. கோவில்பட்டியில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். என்னுடைய கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று மதுரையில் சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் மதுரையில் வீடு எடுத்துத் தங்கவேண்டும், மருந்து வாங்கவேண்டும். நகையெல்லாம் முதல் வருஷமே போய்விட்டது, எங்கள் பங்குப் புஞ்சை அடமானத்தில் இருந்தது. விற்பதற்கு மிச்சமிருந்தது அந்த வெட்டுக்கார்தான்.

அந்தப் பெயர் ஊர் வைத்தது. கல்யாணமான புதிதில் அவர் கோவில்பட்டியில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஏதோ ஒரு காரின் படத்தைப் பார்த்துவிட்டுப் பைத்தியமாக அலைந்தார். ஒரு பங்களாவில் கோழி அடைந்துகொண்டிருந்த இரண்டு கதவுச் சீமைக்காரை வாங்கிவந்து, கூரையை வெட்டித் தாழ்த்தி ஒட்டினார். மட்கார்டுகளைக் கழற்றிப்போட்டார். உள்ளே ஜீப் எஞ்சினை வைத்தார். கயத்தாறு ரோட்டில் அது போகிற சத்தத்துக்கு ஆடுகள் சிதறி ஓடும், மேய்க்கிறவர்கள் பின்னாலேயே ஏசிக்கொண்டு வருவார்கள். கூரை அவ்வளவு தாழ்வு. பூ வைத்துக்கொண்டு நான் அதில் ஏறினால் இறங்கும்போது பூ கசங்கிப்போயிருக்கும்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வண்டி எங்கள் புஞ்சையில் இருந்த ஷெட்டுக்குள் போனது. தார்ப்பாய் போட்டு மூடி, அதற்கு முன்னால் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கினோம். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றது. அவர் படுத்த பிறகு, மகள்தான் ஷெட்டுக்குள் டார்ச் அடித்துப் படம் எடுத்து போனில் போட்டாள். பழைய கார் வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். அப்படித்தான் கோயம்புத்தூர்க்காரர் கிடைத்தார்.

வியாழக்கிழமை மகள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போய்விட்டாள். நானும் என் கொழுந்தனும் புஞ்சைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ஆனால் கழுகுமலை ரோட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகிற வண்டிப்பாதை முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஷெட் கதவு அசையவில்லை. கரிசல் மண் ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடித்து, வருஷா வருஷம் அந்தச் சுவரைத் திருகியிருந்தது. மகள் படம் எடுக்கப் போனபோதே பாதிதான் திறந்த கதவை, இந்த மழையில் கோணிய நிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"மதினி, இது தெறக்காது. செவுத்தத்தான் இடிக்கணும்" என்றார் கொழுந்தன்.

"இடிங்க தம்பி."

கடப்பாரையால் சுவரை இடித்துக்கொண்டிருக்கும்போதே கோயம்புத்தூர்க்காரர் வந்துவிட்டார். லாரியைத் தார்ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தார். தார்ப்பாயை விலக்கியதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நீளமான முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். "யாருங்க பண்ணுனது இது? அருமையா இருக்குதுங்க" என்றார். என் வீட்டுக்காரர்தான் என்றேன்.

"எடுத்துக்கறனுங்கம்மா. ஆனா இன்னைக்கே ஏத்தியாகணும். லாரி நாளைக்கு வேற பக்கம் போகோணும்."

"ரெண்டு நாள் வெயிலடிச்சா தரை இறுகிரும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் எடுத்தா வண்டிக்கும் நல்லது."

"அப்பறம்னா பாக்கலாமுங்க" என்று இழுத்தார்.

நோயாளியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வாசலில் நின்றவள் நான். அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கே ஏற்றித் தருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

கொழுந்தன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "மதினி, டயர்ல காத்தே இல்ல. இந்தச் சகதியில இழுத்தா வண்டி தாங்காது."

"தாங்கணும். வேற வழி என்ன இருக்கு, சொல்லுங்க."

அவர் போய் டிராக்டரைக் கொண்டுவந்தார். சங்கிலி போட்டு இழுத்தோம். இடித்த சுவர் வழியாகக் கார் வெளியே வந்தபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் சோதனை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மண் அப்பி அப்பிப் பானை மாதிரி ஆகிவிடும். நான் பன்னருவாளால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அடுத்த புஞ்சையில் காய்ந்து கிடந்த பருத்திமார்க் குச்சிகளை அள்ளிவந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினேன். முள்ளும் குச்சியும் கையைக் கிழித்தன. கோயம்புத்தூர்க்காரரும் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினார். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. "இழுங்க தம்பி, நிப்பாட்டாதிய" என்று கத்தினேன்.

தார்ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. கொழுந்தன் வேகத்தைக் கூட்டினார். சங்கிலி விறைத்தது. புதுச் சேலையைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் மட்டும் டிராக்டர் பின்னால் போனது. பின்பக்கம் பள்ளத்திலேயே நின்றது. அடித்தகடு முழுக்கத் துரு தின்றுவிட்டிருந்தது. மேலாகப் பார்த்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

டிராக்டர் நின்றது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் சட்டையை எடுத்துப் போட்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. இத வச்சு நான் என்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டேன். "அண்ணாச்சி, முன்பாதியவாவது எடுத்துட்டுப் போங்க. ஒங்களுக்கு எஞ்சின் ஆகும், அதோட மூடி ஆகும். நீங்க குடுக்கிறதக் குடுங்க. வெறுங்கையோட என்னை அனுப்பிராதிய." என் கையில் ரத்தமும் சேறும் கலந்து வழிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு டிரைவரிடம் லாரியின் பின்பலகையை இறக்கச் சொன்னார். கொடுத்ததை மடியில் வாங்கிக்கொண்டேன். மதுரைக்கு அது காணாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அங்கிருந்து அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு இன்னும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் சேலையைப் பார்த்தார்.

"ஏத்தியாச்சா?"

நல்லபடியாகப் போய்விட்டது என்று சொல்லத்தான் வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. "ரெண்டா போச்சுங்க. பாதிதான் போச்சு."

கண்ணை மூடினார். பிறகு மெதுவாக, "ஏட்டி, நான் வச்ச வெல்டிங் விட்டுச்சா, தகடு கிழிஞ்சுதா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அதுவா இப்போ பெருசு? ஒங்க உசுரு போகுது, வெல்டிங்கக் கேக்குதிய!" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் தோளைப் பிடித்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு, "தகடுதான் கிழிஞ்சுது. ஒங்க வெல்டிங் ஒண்ணும் ஆகல" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். ஒரு கையில் ஊசியும் இன்னொரு கை உடம்புக்கடியிலும் இருந்ததால் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

மதுரையில் கொடுத்த தேதி போய்விட்டது. வேறு தேதி கேட்டிருக்கிறோம். பின்பாதி அந்தப் பள்ளத்திலேயே கிடக்கிறது. சுற்றி உளுந்து முளைத்துவிட்டது.

போன வாரம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தார். "மதினி, என் பங்குப் புஞ்சைய வெல பேசியிருக்கேன். அண்ணங்கிட்ட இப்போ சொல்லாதிய" என்றார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை, சரி என்று சொல்லவும் எழும்பவில்லை.

"சாப்பிட்டியளா தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.