இடது கன்னத்து மேடு

மியூசியத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊசியக்கா என்பார்கள். சம்பளப் பட்டியல் எழுதுகிற குமாஸ்தாவுக்கு மட்டும்தான் அவள் பெயர் தெரியும்; அவரும் மாதம் ஒரு தடவை எழுதுவாரே தவிர வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் அறை தரைக்குக் கீழே இருந்தது. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். மேசைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, மணல் நிரப்பிய சின்னச் சின்ன மூட்டைகள், பல் டாக்டரிடம் இருப்பதுபோன்ற கொக்கிகள், டப்பா நிறைய ஊசிகள். மலையடிவாரத்திலிருந்து பாறைக் கட்டிகள் வரும். உள்ளே கோடிக்கணக்கான வருஷத்து எலும்பு இருக்கும். அதுவும் கல்லாகிப் போனதுதான், அதைச் சுற்றி இருப்பதும் கல்தான். எது விலங்கு, எது வெறும் சேறு என்று ஊசிமுனை தொட்டதும் விரலுக்குத் தெரிய வேண்டும். கல்லில் நார் உரிப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். அவள் அதைத்தான் இருபத்தாறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

வந்தது என்னவோ தரை துடைக்கத்தான். தம்பி படிக்க வேண்டும் என்று அவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். தம்பி வக்கீலானான். அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், "கவர்மெண்ட்ல இருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வான். கையில் துடைப்பம் இருந்ததைச் சொல்ல அவன் வாய் கூசியது. அந்தத் துடைப்பத்தின் உபயத்தில்தான் கறுப்புக் கோட்டு வாங்கினோம் என்பது மட்டும் மறந்துவிட்டது.

ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்று மூலையில் ஒதுக்கியிருந்த ஒரு தாடைத் துண்டைக் கொண்டை ஊசியால் சுரண்டிப் பார்த்தாள். அப்போதிருந்த பழைய தலைவர் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்ததும், திட்டுவார் என்று பயந்தாள். அவர் துண்டை வாங்கி விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பல்கூட உடையவில்லை. மறுநாள் முதல் துடைப்பம் வேறு ஆள் கைக்குப் போனது. ஊசியக்கா என்ற பெயரும் அன்றைக்கு வந்ததுதான்.

அவளிடம் வந்ததிலேயே பெரியது அந்த மண்டையோடு. ஆள் கை நீளம் இருக்கும், கதவுப் பலகை மாதிரித் தட்டை. முதலையையும் தவளையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. கண் இரண்டும் உச்சந்தலையில். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன ஓட்டை. தண்ணீரிலும் தரையிலும் பிழைத்த இருவாழ்வி. இன்றைக்குக் குட்டையில் கத்துகிற தவளைக்குத் தூரத்துச் சொந்தம். டைனோசர்கள் தலையெடுப்பதற்கு முன்பே ஆற்றையும் சேற்றையும் ஆண்ட கூட்டம் அது. ஆனால் என்ன, மியூசியத்துக்கு வருகிற பிள்ளைகள் டைனோசரைப் பார்க்க ஓடுவார்களே தவிர இதன் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். பேர் வாங்கத் தெரியாத ஜென்மங்கள். அதனாலோ என்னவோ அவளுக்கு அவற்றைப் பிடித்துப்போயிற்று.

மூன்று வருஷம் ஆயிற்று அதைக் கல்லிலிருந்து மீட்க. வலது கன்னம் பாறைக்குள்ளேயே நொறுங்கிப் போயிருந்தது. இடது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இல்லை. அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இல்லாத இடத்தைப் பிளாஸ்டரால் அடைக்கலாம். ஆனால் அடைத்த இடம் நிறத்தில் கொஞ்சம் மட்டாக இருக்க வேண்டும். தள்ளி நின்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது, கிட்டத்தில் பார்க்கிறவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

மண்டையோட்டை வைக்கப்போகிற புதுக் கூடத்தின் திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தபோது பழைய தலைவர் இறங்கி வந்தார்.

"கோடு தெரியக் கூடாதும்மா. பெரிய மனுஷங்க வராங்க. ஒட்டுப்போட்ட மண்டைன்னு நாளைக்குப் பேப்பர்ல வரக் கூடாது."

"சார், அது முறை இல்லையே."

"விழா முடியட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

அவசரத்தில் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிட்டது. விளிம்பை அழுத்தும்போது ஒரு மடிப்பு எழும்பி, விரல் மொத்தத்துக்கு மேடு தட்டி நின்றது. தேய்க்க நேரமில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று நொந்துகொண்டு, மற்ற எலும்பில் இருக்கிற குழிகளைப் போலவே அந்த மேட்டிலும் ஊசியால் குழி குழியாகக் குத்தினாள். ஆறு விதப் பழுப்பு கலந்து பூசினாள். முடித்துவிட்டுத் தானே தேடிப் பார்த்தாள். எங்கே எலும்பு முடிகிறது என்று அவளுக்கே சட்டென்று தெரியவில்லை. உள்ளுக்குள் ஒரு கர்வம் வரத்தான் செய்தது. அதற்கும் சேர்த்துத்தான் பின்னால் அனுபவித்தாள்.

விழா முடிந்தது. எதுவும் மாறவில்லை. பழைய தலைவர் ஓய்வு பெற்று, இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார். 'இடது கன்னம் பிளாஸ்டர்' என்று அவள் எழுதி மண்டையோட்டின் அடியில் செருகிய சீட்டு, புது அலமாரிகள் வந்த நாளில் குப்பையோடு போயிற்று. வேலைக்கு முன் போட்டோ எடுத்து வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை.

அதற்கப்புறம் வெளிநாட்டில் படித்துவிட்டு ஒரு டாக்டர் வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். இளைஞர், நல்ல மனுஷர். அவளை நிற்கவைத்துப் பேசமாட்டார், நாற்காலி எடுத்துப் போடுவார். இரண்டு வருஷம் அந்த மண்டையோட்டோடு குடித்தனம் நடத்தினார். அவளுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது, அச்சான தாள்களோடு கீழே ஓடி வந்தார்.

"அக்கா, இது இதுவரைக்கும் உலகத்துல யாருமே பாக்காத புது இனம். பேர் வைக்கிற உரிமை எனக்கு. உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்."

அவள் பெயரோடு ஒரு வால் ஒட்டியிருந்தது. விஞ்ஞானப் பெயர்களுக்கு அப்படித்தான் ஒட்டுவார்களாம். மேல்மாடியில் டீ, பிஸ்கட், கைதட்டல். காவல்காரர் முதல் குமாஸ்தா வரைக்கும் அன்றைக்கு அவள் பெயரைச் சொன்னார்கள். வீட்டில் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தன் ஸ்டியரிங்கைத் தவிர உலகத்தில் வேறு எதையும் மதிக்காதவர். அவர் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். தம்பி வலிய போன் பண்ணினான். "என் ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்க்கா" என்றான். இந்த ஒரு வார்த்தைக்காக நாற்பது வருஷம் காத்திருந்தோம் என்பது போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சமையலறைக்குப் போய் அழுதாள்.

மறுநாள் அந்தத் தாள்களைக் கீழே வைத்துப் புரட்டினாள். பாஷை புரியாவிட்டாலும் படம் புரியும். மூன்றாவது படத்தில் ஒரு அம்புக்குறி. அது இடது கன்னத்து மேட்டைக் காட்டியது.

குமாஸ்தாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னாள். அவர் விரல் வைத்து வாசித்தார். "கன்னத்துல இருக்கிற இந்த மேடுதான் இதை மத்த எல்லா இனத்துலேர்ந்தும் பிரிச்சுக் காட்டுதாம். இது இல்லேன்னா இது பழைய இனம்தானாம். பாருங்கக்கா, எவ்வளவு நுணுக்கமா கண்டுபிடிச்சிருக்காரு!"

அவள் தாள்களை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

டாக்டரிடம் போனாள். அவர் வழக்கம்போல நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"சார், அந்த மேடு எலும்பு இல்ல. நான் வச்ச பிளாஸ்டர்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "அக்கா, இருபது வருஷத்துக்கு முந்தி எத்தனையோ மண்டை உங்க கையில வந்திருக்கும். வேற எதையோ நினைச்சுக் குழப்பிக்கிறீங்க."

"என் கை எனக்குத் தெரியாதா சார்?"

"நான் லென்ஸ் வச்சுப் பார்த்தேன். குழி ஒண்ணொண்ணா எண்ணினேன். பிளாஸ்டர் அப்படி இருக்காதுக்கா. இது எலும்புதான்."

"ஸ்கேன் எடுத்தாத் தெரியும்ல?"

"அதுக்கு இங்க மெஷின் கிடையாது. எலும்பு எதுன்னு பாக்கத்தான் நான் இவ்வளவு படிச்சுட்டு வந்திருக்கேன். நீங்க பேரைப் பாத்துக் கூச்சப்படுறீங்க, அவ்வளவுதான். சந்தோஷமா இருங்க."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே அம்பலமே நாற்காலி போட்டு, அக்கா என்று கூப்பிட்டு, சொன்னதை மட்டும் காதில் வாங்காமல் அனுப்பிவைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று நாள் அவள் பேசாமல் இருந்தாள். இருந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. எட்டு மாதத்தில் ஓய்வு. பெயர் நிற்கும். புருஷன் மாட்டிய சட்டம் சுவரில் இருக்கும், தம்பி போன் பண்ணுவான். செத்த பிறகும் அவள் பெயரைச் சொல்ல நாலு பேர் உலகத்தில் எங்காவது இருப்பார்கள். ஒன்றே ஒன்றுதான் இடறியது. எது எலும்பு, எது இல்லை என்று சொல்வதுதான் அவள் வேலை. இருபத்தாறு வருஷம் பார்த்தது அது ஒன்றைத்தான். வாயால் சொன்னால் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை விடுமுறை. காவல்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு காலையிலேயே போனாள். மண்டையோட்டை மணல் மூட்டைமேல் சாய்த்து, பிளாஸ்டரை ஈரத்தால் ஊறவைத்து ஊசியால் எடுக்க ஆரம்பித்தாள். சின்னச் சின்னதாகப் பொடிந்து வந்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. தன் பெயரைத் தானே சுரண்டி எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தாள். வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. எலும்பின் விளிம்பு வந்ததும் பூதக்கண்ணாடியை இழுத்துவைத்து, குழிகளுக்குள் ஒரு வெள்ளைத் துகள்கூட இல்லாமல் துடைத்தாள். முடிந்ததும் எப்போதும் செய்வதையே செய்தாள். மேசையைத் துடைத்தாள், தூளை வாளித் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் கொட்டினாள், ஊசிகளைக் கழுவி டப்பாவில் வைத்தாள். வேலை முடிந்தால் மேசைமேல் ஒரு பொடி இருக்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். அந்த ஒரு நாளாவது அவள் சோம்பேறியாக இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டர் கீழே வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா பண்ணீங்க?"

"பிளாஸ்டரை எடுத்துட்டேன் சார். இப்போ பாருங்க, அடியில எலும்பு எங்க முடியுதுன்னு."

அவர் பார்த்தார். சுத்தமாக முடிந்த ஒரு விளிம்பு தெரிந்தது. பிளாஸ்டர் இருந்த அடையாளம் துளிகூட இல்லை. அவள் அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தாள். உடைந்துபோன எலும்புக்கும் அதே விளிம்புதான் இருக்கும்.

"எடுத்த பிளாஸ்டர் எங்க?"

"கழுவி ஊத்திட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடிப்பில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த எலும்பைப் புத்தி பேதலித்த ஒரு வேலைக்காரி சுரண்டிவிட்டாள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். இன்றுவரை நம்புகிறார்.

விசாரணை வைத்தார்கள். மூன்று பேர், நீளமான மேசை. சீட்டு எங்கே, போட்டோ எங்கே, பிளாஸ்டர் எங்கே என்று கேட்டார்கள். மூன்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: இல்லை. முந்தின நாள் தம்பி வந்து, "கை தவறிடுச்சுன்னு சொல்லுக்கா, விட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொடுத்திருந்தான்.

"என் கை ஒரு நாளும் தவறினது இல்லடா" என்றாள்.

"அப்போ உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது." அதற்கப்புறம் அவன் போன் பண்ணவில்லை.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையும் இல்லை, டீயும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று குமாஸ்தா ஊரெல்லாம் சொன்னார். டாக்டர் ஒரு சின்னக் குறிப்பு அச்சிட்டார்: ஊழியர் ஒருவரால் அந்த மேடு சேதப்பட்டுவிட்டது, ஆனால் படங்கள் இருப்பதால் இனம் நிற்கும். ஊழியர் யார் என்று அதில் போடவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்தான். அவள் பெயரும் நின்றது. பிளாஸ்டர் இருந்திருந்தால் என்றைக்காவது ஒருவன் ஸ்கேன் எடுத்து விஷயத்தை உடைத்திருப்பான். இப்போது உடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

ஒரு வருஷம் கழித்து, கூடத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டு, புருஷன் அவளை வம்பாக இழுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். காவல்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடத்தின் நடுவில் ஃபைபரில் முழு உருவம் செய்து வைத்திருந்தார்கள். சேற்றிலிருந்து பாதி எழுந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கீழே பித்தளைத் தகட்டில் அவள் பெயர், வாலோடு. சேற்றைக் கிளற அந்த மேடு உதவியது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

"உண்மையோ பொய்யோ, பேர் நின்னுடுச்சுல்ல?" என்றார் புருஷன், போனை எடுத்து நீட்டிக்கொண்டே. "கிட்டப் போய் நில்லு. ஒரு போட்டோ எடுக்கிறேன். கொஞ்சம் சிரி."

அவள் போய் நின்றாள். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. இடது பக்கம் அவள் செய்த அதே மேடு, அதே குழிகள். எட்டி வலது பக்கம் தொட்டுப் பார்த்தாள். நொறுங்கிப்போய்க் கிடைக்கவே கிடைக்காத அந்த வலது கன்னத்திலும் அச்சு அசலாக ஒரு மேடு இருந்தது. அதைச் செய்தது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல கைக்காரன்தான், ஒட்டே தெரியவில்லை.