அண்ணன் படித்த தத்துவமும் என் சந்தேகமும்

அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய நற்பண்புகளை எழுதும்படி குடும்பத்தார் கேட்டனர். என் தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜலகண்டாபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணன், பள்ளி முடிந்ததும் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே முதல் சில ஆண்டுகள் தத்துவப் படிப்பு. எழுபதுகளின் நடுவில் ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது, கடவுள் இல்லையென்று வாதாடும் நூல் ஒன்றை அவர் பெட்டியில் கண்டேன். அப்பாவிடம் கொடுத்தேன்.

"ஏஞ்சாமி, சாமியாராப் போறவன் படிக்கிற புஸ்தகமா இது?" என்றார் அப்பா.

"பாடத்துல வெச்சிருக்கறாங்கப்பா. இப்படிக் கேக்கறவங்க நாளைக்கு எங்கிட்டயும் வருவாங்க."

"படிச்சுப்போட்டு நீயும் அந்தப் பக்கம் போயிட்டீன்னா?"

அண்ணன் நூலை வாங்கிப் பெட்டியில் வைத்தார். "அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்க."

அந்தப் பதில் என் மனத்தில் முள்ளாய்த் தங்கியது. குருப்பட்டம் பெற்ற நாளில் எல்லோரும் மகிழ்ந்தனர். நான் அவர் முகத்தையே வேவு பார்த்தேன்.

எண்பதுகளில் மோகனூர்ப் பக்கம் ஒரு பங்கில் பணியாற்றினார். அங்கே கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவர், மகளைக் காவிரியில் பறிகொடுத்தபின் கோயிலுக்கு வருவதில்லை. அண்ணன் வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போனார். ஒருநாள் நானும் உடன் போனேன்.

"சாமின்னு ஒண்ணு இருந்தா எம்புள்ளைய உட்டிருக்குமுங்களா?" என்றார் அவர்.

"இதுக்குப் பெரிய படிப்பாளிங்க எழுதின பதிலெல்லாம் படிச்சிருக்கறேனுங்க. உங்க முன்னால சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்க," என்றார் அண்ணன்.

படிப்பு அவரைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். 'இவருக்கு விசுவாசம் இல்லை' என்று மேலிடத்துக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதினேன். விசாரணை நடந்தது, அண்ணன் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்.

பிறகு, சென்ற ஆண்டு அவருக்கு மஞ்சள் காமாலை. சேலத்து மருத்துவமனையில் அவர் படுத்திருந்தபோது உண்மையைச் சொன்னேன்.

"தெரியும். கடிதத்த எங்கிட்டக் காட்டுனாங்க. உன்ற கையெழுத்துதான்."

"விசுவாசம் இருந்துதுங்களாண்ணா?"

"சில நாள் இருந்துது, சில நாள் இல்ல. பூசைய மட்டும் ஒரு நாளும் உட்டதில்ல."

அதையும் நம்புவதா என்று அப்போதும் தயங்கினேன். இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் உடன் நடந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. மோகனூர்ப் பக்கத்துப் பங்கில் அண்ணனுக்குக் கோயில் பணிகளில் துணையாயிருந்த உபதேசியாருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். கடைசி ஒன்பது நாளும் அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்தவர் அவர். கடிதம் எழுதியது அவரே என்று எண்ணிப் பங்கு மக்கள் இன்றும் அவரோடு பேசுவதில்லை.

அவர் எழுதவில்லை. இம்மலர் கிடைத்ததும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.